ஊழிக்குப் பிந்தைய உலகம்: பழைய புத்தகக் கடையின் தொடர் நாவல்களும் சுஜாதாவின் ஜீனோ கதைகளும்

முன்னுரை

உலகம் அழிந்தபின் எஞ்சியவர்களின் கதையைக் கூறும் புனைவுகள் மேலை அறிவியல் புனைகதையுள் தனியொரு வகையாக வளர்ந்துள்ளன. மேரி ஷெல்லி 1826இல் வெளியிட்ட 'கடைசி மனிதன்' என்னும் நாவலில் கொள்ளைநோய் மனித குலத்தை அழிக்கிறது. 1945இல் இரோசிமா, நாகசாகி நகரங்களின்மீது அணுகுண்டு வீசப்பட்ட பின்னர் அழிவின் கருவி மாறியது. நோயின் இடத்தை அணுகுண்டு பெற்றது. 1980களில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஏவுகணைகளைக் குவித்துக்கொண்டிருந்த காலத்தில் இவ்வகை, எண்ணிட்டு வெளிவரும் மலிவுவிலைச் சாகசத் தொடராக உருப்பெற்றது. எஞ்சிய சிலர், சிதைந்த நிலம், கையில் ஆயுதம், வழியில் பகைவர், நூலின் இறுதியில் அடுத்த பயணம் என்பதே அதன் வாய்பாடு.

தமிழில் இவ்வகைத் தொடர் தோன்றவில்லை. அதற்கு மிக நெருங்கி வருவன சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ' ஆகிய இரு நாவல்களாகும். 1980களில் ஆனந்த விகடன் இதழில் தொடராக வந்து, நூல் வடிவிலும் தொலைக்காட்சித் தொடராகவும் பரவிய 'என் இனிய இயந்திரா'வும் அதன் தொடர்ச்சியும் ஆய்வுலகில் இருவகையாகவே கையாளப்பட்டு வந்துள்ளன. மேலைநாட்டுச் சரக்கைத் தமிழில் இறக்கியவர் என்று ஒரு சாரார் அவரை ஒதுக்கினர். நடக்கவிருப்பதை முன்கூட்டியே சொன்னவர் என்று மற்றொரு சாரார் வியந்தனர். இரு சாராருமே பனுவலை அருகில் வைத்துப் பார்க்கவில்லை. இறக்குமதி என்று கூறுவோர் இறக்குமதியான பொருள் எது என்று காட்டியிருக்க வேண்டும். ஆர்வெல்லின் பெயரையும் ஹக்ஸ்லியின் பெயரையும் சொல்லி நிறுத்திவிடுவது ஒப்பாய்வு ஆகாது. அதே பத்தாண்டில், அதே வெகுசன வாசகத் தளத்தில், அதே பொழுதுபோக்கு நோக்கத்துடன் எழுதப்பட்ட அமெரிக்கத் தொடர்களோடு ஜீனோ கதைகளை வைத்துப் பார்ப்பதே முறையான ஒப்பீடாகும்.

இவ்விரு வகை நூல்களும் ஒரே நகரில் சந்திக்கின்றன என்பது இவ்வொப்பீட்டிற்குத் துணைசெய்கிறது. சுஜாதா என்னும் புனைபெயர் கொண்ட எஸ். ரங்கராஜன் (1935–2008) பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணிபுரிந்த காலத்தில் ஜீனோவைப் படைத்தார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்குப் பங்கு உண்டு. அமெரிக்கத் தொடர் நாவல்களோ பழைய புத்தகமாக இந்நகருக்கு வந்து சேர்ந்தன. 1945 முதல் இயங்கிவரும் செலக்ட் புத்தகக் கடை, அவென்யூ சாலையின் நடைபாதைக் கடைகள், 2000க்குப் பின் சர்ச் தெருவில் பெருகிய கடைகள் என்று பழைய புத்தக வாணிகத்திற்கு இந்தியாவில் பெயர்பெற்ற நகரங்களுள் பெங்களூரும் ஒன்று.

எண்ணிட்ட நூல்கள்

இத்தகைய கடைகளின் ஆங்கிலப் புதின அடுக்குகளில் காணக்கிடைக்கும் ஊழித் தொடர்களுள் இரண்டை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வது போதும். முதலாவது, ஜெர்ரி அஹெர்ன் எழுதி 1981 முதல் ஜீப்ரா பதிப்பகம் வெளியிட்ட 'சர்வைவலிஸ்ட்'. இரண்டாவது, 1986இல் 'பில்கிரிமேஜ் டு ஹெல்' என்னும் நூலுடன் தொடங்கிய 'டெத்லேண்ட்ஸ்'. இதனை வெளியிட்டது கோல்டு ஈகிள். காதற்கதைகளுக்குப் பெயர்பெற்ற ஹார்லெக்வின் நிறுவனம் ஆண் வாசகர்களுக்கென நடத்திய பிரிவு அது. 2015இல் அப்பிரிவு மூடப்படுவதற்குள் டெத்லேண்ட்ஸ் 125 நூல்களைத் தாண்டிவிட்டது.

டெத்லேண்ட்ஸ் நூல்களின் அட்டையில் காணப்படும் ஜேம்ஸ் ஆக்ஸ்லர் என்ற பெயரில் ஒருவரும் இருந்ததில்லை. அது பதிப்பகத்தின் உடைமையான பெயர். கிறிஸ்டபர் லௌடர் தொடங்கிய முதல் நூலை நிறைவுசெய்து, அடுத்து வந்த பல நூல்களையும் எழுதியவர் லாரன்ஸ் ஜேம்ஸ் என்னும் ஆங்கிலேயர். அவருக்குப் பின் பலர் அதே பெயரில் எழுதினர். ஔவையார் என்ற பெயரில் புலவர் பலர் இருந்தமை தமிழ் இலக்கிய வரலாறு அறிந்ததே. ஆயின் அங்குப் பெயரைச் சுமந்து வந்தது மரபு. இங்குச் சுமந்து வந்தது ஒப்பந்தம். ராணிமுத்து, மாலைமதி முதலிய தமிழ் மாத நாவல்களில் ஆசிரியரின் பெயரே விற்பனைக்குரிய முகவரியாக இருந்தமையோடு இதனை ஒப்பிட்டால் இருவகை வாணிகத்தின் வேறுபாடு புலப்படும்.

டெத்லேண்ட்ஸ் கதையில் 2001 சனவரி 20ஆம் நாள் அணுப்போர் மூள்கிறது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, ஒற்றைக்கண்ணனான ரையன் காடர் தன் தோழர்களுடன் சிதைந்த அமெரிக்காவில் அலைகிறான். தோழர்களுள் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து காலத்தின் ஊடே பறித்துக் கொணரப்பட்ட முதியவர். மற்றொருவர் போருக்குமுன் உறைநிலையில் வைக்கப்பட்டு, பின்னர் எழுப்பப்பட்ட பெண் மருத்துவர். பழைய அரசு மண்ணுக்கடியில் அமைத்த மறைவிடங்களில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு உடலை அனுப்பும் அறைகள் உள்ளன. சேருமிடத்தைத் தேர்ந்தெடுக்கும் வழி தோழர்களுக்குத் தெரியாது. பெரும்பாலான நூல்கள், அவ்வறையில் குமட்டலுடன் கண்விழித்து, கதவைத் திறந்து, எந்த நிலத்தில் வந்து சேர்ந்தோம் என்று அவர்கள் பார்ப்பதில் தொடங்குகின்றன.

இந்த அறை கதைக்குத் தேவையான அறிவியல் உத்தி என்பதைவிட, வாணிகத்திற்குத் தேவையான கதை உத்தி என்பதே பொருந்தும். முன்னைய எண்ணைப் படிக்காதவனும் இந்த எண்ணில் நுழைய முடிய வேண்டும். கதவு திறக்கும்போது பாத்திரங்களுக்கு இடம் தெரியாததுபோலவே வாசகனுக்கும் தெரியாது. இருவரும் ஒன்றாகவே அறிந்துகொள்கின்றனர். பழைய புத்தகக் கடையில் 7ஆம் எண்ணும் 23ஆம் எண்ணும் 41ஆம் எண்ணும் கிடைத்து முதல் எண் கிடைக்காத வாசகனுக்கு இவ்வமைப்பு நன்கு உதவுகிறது. மனிதன் எப்போதும் நடுவிலேயே நிற்கிறான், தொடக்கத்தையும் முடிவையும் புனைந்துகொண்டே நடுவிற்குப் பொருள் காண்கிறான் என்பது 1967இல் பிராங்க் கெர்மோட் முன்வைத்த கருத்தின் சாரம். அவர் மனத்தில் கொண்டது உயர்தனி இலக்கியம். இருப்பினும் எண் குறைந்த தொடரின் வாசகனுக்கு அது சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. உலகம் எவ்வாறு அழிந்தது என்று கூறும் முதல் நூல் அவனுக்குக் கிடைப்பதே இல்லை.

தேடும் கணவனும் தேடும் மனைவியும்

சர்வைவலிஸ்ட் தொடரின் தலைவன் ஜான் ராவர்க் மருத்துவன். ஆயுதப் பயிற்சியிலும் உயிர்பிழைக்கும் கலையிலும் தேர்ந்தவன். போர் மூளும்போது அவன் வானூர்தியில் இருக்கிறான். மனைவி சாராவும் பிள்ளைகள் இருவரும் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கின்றனர். நிலம் முழுவதும் நெருப்பும் கொள்ளையும் படையெடுப்பும் பரவியிருக்க, அவர்களைத் தேடி அவன் புறப்படுகிறான். தொடரின் முற்பகுதியை இயக்குவது இத்தேடலே. அவனுக்கு மலைக்குள் உணவு, எரிபொருள், மருந்து, தோட்டா அனைத்தும் சேர்த்து வைத்த ஒளிவிடம் ஒன்றும் உண்டு. அஹெர்ன் துப்பாக்கி இதழ்களில் எழுதியவர். துப்பாக்கி உறை செய்யும் தொழிலிலும் ஈடுபட்டவர். இதனால் அவருடைய உரைநடையில் ஆயுதங்களின் பெயரும் அளவும் விலைப்பட்டியல் போல விரிகின்றன. மனைவியின் முகம் இத்துணை நுணுக்கமாக வரையப்படவில்லை.

'என் இனிய இயந்திரா'விலும் கதை பிரிவில்தான் தொடங்குகிறது. ஆயின் தேடுபவர் மாறியிருக்கிறார். 2021ஆம் ஆண்டில் இந்தியாவை ஜீவா என்னும் ஒற்றைத் தலைவர் ஆள்கிறார். குழந்தை பெற அரசின் அனுமதி வேண்டும். நிலா, சிபி என்னும் தம்பதியருக்கு அவ்வனுமதி கிடைக்கிறது. அரசின் ஆணைப்படி அவர்கள் வீட்டில் தங்க ரவி என்பவன் ஜீனோ என்ற இயந்திர நாயுடன் வருகிறான். சிபி காணாமற் போகிறான். நிலா தேடத் தொடங்குகிறாள். அவளிடம் ஆயுதம் இல்லை, ஒளிவிடம் இல்லை, பயிற்சியும் இல்லை. துணையாவது நாய் ஒன்று. அதுவும் அவளுடையதன்று, அந்நியன் ஒருவனின் உடைமை.

ராவர்க் தேடுவது அரசு அழிந்துபோன நிலத்தில். தடைகளைச் சுட்டு வீழ்த்தினால் மனைவியை அடைந்துவிடலாம் என்ற நம்பிக்கை அவனுக்குண்டு. நிலா தேடுவதோ அரசு எங்கும் நிறைந்த நிலத்தில். கணவனைப் பற்றி அவள் கேட்க வேண்டியது யாரிடமோ, அவர்களே அவன் மறைவுக்குக் காரணமானவர்களாகவும் இருக்கக்கூடும். முன்னதில் அச்சம் ஆட்சியின் இன்மை பற்றியது. பின்னதில் அச்சம் ஆட்சியின் மிகுதி பற்றியது. இவ்வேறுபாட்டைத் தமிழ் எழுத்தாளர் ஒருவர் மேலைநாட்டிலிருந்து இறக்குமதி செய்திருக்க வேண்டிய தேவை இல்லை. 1975 சூன் முதல் 1977 மார்ச்சு வரை நெருக்கடி நிலையில் வாழ்ந்த ஒரு நாட்டின் வாசகர்களுக்காக எழுதப்பட்ட கதை அது. கட்டாயக் கருத்தடை அக்காலத்தின் மறக்கவொண்ணாத நிகழ்வு. குழந்தை பெற அனுமதி கேட்டு நிற்கும் தம்பதியரை 1980களின் விகடன் வாசகர் கண்டபோது அவருக்கு நினைவில் வந்திருக்கக்கூடியது ஹக்ஸ்லியின் சோதனைக்குழாய் அன்று. ஊருக்கு வெளியே போடப்பட்ட அறுவை முகாம் ஆகும்.

கணவனுக்கு நேர்ந்ததற்கு விடை கேட்டு அரசனின் வாயிலுக்குச் செல்லும் பெண் தமிழ்க் காப்பிய மரபுக்குப் புதியவள் அல்லள். கண்ணகியின் நிழல் நிலாவின்மீது விழுந்திருப்பதை மறுக்க இயலாது. ஆயினும் ஒப்புமை ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. பாண்டியன் தான் கள்வன் என்று உணர்ந்து அரியணையிலேயே உயிர்விடுகிறான். உயிர்விடுவதற்கு ஜீவாவிடம் உயிரே இல்லை. மக்கள் வணங்கிய தலைவர் ஹோலோகிராம் என்னும் ஒளியுருவம். உருவத்தை இயக்குபவர் வேறு சிலர். குற்றத்தை ஏற்க ஒரு மனிதன் இல்லாத அரசில் கண்ணகியின் சிலம்புக்கு என்ன பயன்? சுஜாதா இவ்வினாவை வெளிப்படையாக எழுப்பவில்லை, கதை எழுப்பிவிடுகிறது. முதல் நாவலின் முடிவில் நிலா அரியணை ஏறுவதும், 'மீண்டும் ஜீனோ'வில் அவள் ரவி, மனோ ஆகியோரின் கைப்பாவையாக ஆளுவதும் இதன் தொடர்ச்சியே. வெற்றுருவம் இருந்த இடத்தில் உயிருள்ள பெண் ஒருத்தி வெற்றுருவமாக அமர்த்தப்படுகிறாள்.

இரண்டாம் நாவல் முதலாவதின் செறிவை எட்டவில்லை என்பதையும் கூற வேண்டும். அரண்மனைச் சூழ்ச்சிகள் பெருகப்பெருக அறிவியல் மெலிகிறது. மக்கள் திரளாக மட்டுமே வருகின்றனர். அத்திரளில் ஒரு முகம்கூட நினைவில் நிற்பதில்லை. ஜீனோவின் குறும்புப் பேச்சே கதையைத் தாங்குகிறது. டெத்லேண்ட்ஸ் தொடரின் முதியவர் தம் காலத்துச் சொற்களைப் பேசிச் சிரிப்பூட்டுவதுபோல, ஜீனோ மனிதர் மொழியைக் கற்றுக்கொண்டு மனிதரையே திகைக்க வைக்கிறது. சாகசத் தொடர்கள் நெடுங்காலம் வாசகர் நினைவில் நிற்பது இத்தகைய துணைப் பாத்திரங்களாலேயே என்பது இரு மொழிகளுக்கும் பொது.

இரண்டெழுத்துப் பெயர்

ஜீனோ கதைகளில் அழிந்துபோனது நகரம் அன்று. கட்டடங்கள் நிற்கின்றன, வண்டிகள் ஓடுகின்றன, உணவு முறைப்படி கிடைக்கிறது. அழிந்துபோனது பெயர். எல்லாப் பெயர்களும் இரண்டெழுத்துக்குள் அடக்கப்பட்டிருக்கின்றன: நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா. நாயின் பெயரும் இரண்டெழுத்தே. பெயரில் ஊரைச் சுமந்த மரபும், தந்தையின் முதலெழுத்தைச் சுமந்த வழக்கும், சாதியின் பின்னொட்டும் ஒருசேர மறைந்துவிட்டன. இவற்றுள் கடைசியாகக் கூறியதன் மறைவு வரவேற்கத்தக்கது என்று வாதிடுவோர் உண்டு. தமிழ்நாட்டில் அவ்வாதத்திற்கு நீண்ட வரலாறும் உண்டு. சமத்துவத்தின் பெயரால் சாதிப் பெயரை ஒழிப்பதற்கும், நிருவாக வசதிக்காக எல்லாப் பெயரையும் ஒழிப்பதற்கும் இடையே எல்லை எங்கே இருக்கிறது? நாவல் இவ்வினாவின் வாயில்வரை வந்து திரும்பிவிடுகிறது. வாரந்தோறும் பரபரப்பில் முடிய வேண்டிய தொடர்கதைக்கு நின்று சிந்திக்க நேரம் இல்லை என்பது விளக்கமாகுமே அன்றி நியாயமாகாது.

சிபி என்ற பெயர் கவனிக்கத்தக்கது. புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்த சோழர்குல முன்னோன் சிபி, நீதியின் எல்லைக்குச் சான்றாகப் புறநானூறு முதலாகப் போற்றப்படுபவன். நீதி வழங்கிய மன்னனின் பெயர், நீதி கிடைக்காமல் மறைந்துபோன எளிய குடிமகனுக்கு இடப்பட்டுள்ளது. ஆசிரியர் இதனைக் கருதியே செய்தாரா, இரண்டெழுத்துப் பெயர் தேடியபோது தற்செயலாகக் கிட்டியதா என்று துணிய இயலாது.

2021 கடந்துவிட்டது. டெத்லேண்ட்ஸ் குறித்த 2001 அதற்கு முன்பே கடந்துவிட்டது. பன்னிரண்டு இலக்க ஆதார் எண்ணுக்கான தொழில்நுட்ப மையம் பெங்களூரிலேயே அமைந்ததையும், கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு மாவட்டத்திலிருந்து மற்றொரு மாவட்டத்திற்குச் செல்ல அனுமதிச் சீட்டு கேட்டு நின்றதையும் சுட்டி, சுஜாதா முன்பே சொன்னார் என்று கூறுவது எளிது. அது திறனாய்வு ஆகாது; சோதிடம் பலித்ததா என்று பார்க்கும் வேலை. டார்க்கோ சுவின் 1979இல் வெளியிட்ட நூலில் அறிவியல் புனைகதையின் பணி, வாசகனைத் தன் காலத்திலிருந்து விலக்கி நிறுத்தி அக்காலத்தையே அவனுக்குக் காட்டுவது என்னும் பொருள்படக் கூறினார். அவ்வாறு நோக்கின் ஜீனோ கதைகளின் 2021 என்பது 1976இன் மறுபெயர். எதிர்கால ஆண்டு கடந்துபோனபின்னும் அவை படிக்கப்படுவதற்குக் காரணம் இதுவே.

கடல்கோளும் ஏடும்

தமிழ் மரபுக்கு உலக அழிவு புதிய பொருள் அன்று. பரிபாடலின் இரண்டாம் பாடலில் கீரந்தையார் ஊழிகள் அடுத்தடுத்துக் கடந்து, வெளியிலிருந்து ஐம்பூதங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றி உலகம் மீண்டும் உருவாவதைப் பாடுகிறார். அங்கு அழிவு ஒரு சுழற்சியின் பகுதி. எஞ்சி நிற்கும் மனிதன் ஒருவனும் இல்லை. எஞ்சியவன் இல்லாதபோது சாகசத்திற்கு இடம் இல்லை.

எஞ்சியவர்கள் வருவது கடல்கோள் மரபில்தான். இறையனார் களவியல் உரை மூன்று சங்கங்களைக் கூறுகிறது: தலைச்சங்கம் 4440 ஆண்டு, இடைச்சங்கம் 3700 ஆண்டு, கடைச்சங்கம் 1850 ஆண்டு. முதற்சங்கம் இருந்த மதுரையைக் கடல் கொண்டது. கபாடபுரத்தையும் கடல் கொண்டது. பஃறுளியாறும் குமரிக்கோடும் கடலுள் மறைந்ததைச் சிலப்பதிகாரமும் குறிப்பிடுகிறது. இவ்வாண்டுக் கணக்குகளை வரலாறாகக் கொள்ள இயலாது என்பதில் இன்று பெரும்பாலும் கருத்து வேறுபாடில்லை. ஆயின் அவற்றைப் புனைவாகக் கொண்டு படித்தால் ஒன்று தெளிவாகிறது. அவ்வுரை எதை எண்ணிப் பார்க்கிறது? எத்தனை பேர் மாண்டனர் என்று அது கூறவில்லை. எந்த அரசன் எவ்வாறு தப்பினான் என்பதை விரித்துரைக்கவில்லை. இருந்த புலவர் எத்தனை பேர், அவர்கள் பாடியவை எவை, அவர்க்கு நூல் எது என்றே பட்டியலிடுகிறது. தமிழர் கற்பனையில் ஊழி விழுங்கியது நூலை. ஊழிக்குப்பின் எஞ்சியவன் செய்யும் வேலை தொகுப்பது.

அமெரிக்கத் தொடர்களின் எஞ்சியவன் மறைவிடத்தைத் திறக்கும்போது தேடுவன தோட்டா, எரிபொருள், டின்னில் அடைத்த உணவு. தமிழ் மரபின் எஞ்சியவன் ஊர் ஊராகச் சென்று பரணையும் பெட்டியையும் திறக்கும்போது தேடுவது ஏடு. உ.வே. சாமிநாதையரின் பயணங்களைச் சாகசக் கதைபோலத் தமிழ் வாசகர் படிப்பதற்கு இம்மரபும் ஒரு காரணம். பரிபாடல் எழுபது பாடல்களில் முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டே. முதலும் முடிவும் இல்லாத ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பதிப்பாசிரியனுக்கும், 23ஆம் எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் தொடர் வாசகனுக்கும் உள்ள உறவு வெறும் உவமை அளவில் நிற்பதன்று. இருவருமே இல்லாத பகுதியை இருக்கும் பகுதியிலிருந்து ஊகித்துப் படிப்பவர்கள்.

ஊழி என்னும் சொல் தமிழில் இன்று மீண்டும் உயிர்பெற்றிருப்பது அறிவியல் புனைகதையில் அன்று. 2013இல் வெளிவந்த தமிழ்க்கவியின் நாவல் 'ஊழிக்காலம்' என்று பெயர் பெற்றது. வன்னியில் நடந்த இறுதிப் போரின்போது இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஒடுங்கிய மக்களின் கதை அது. எஞ்சியோர், சிதைந்த நிலம், ஓயாத பயணம், பசி என்று வகையின் கூறுகள் அனைத்தும் அங்கு உள்ளன. சாகசம் மட்டும் இல்லை. ஆயுதம் தலைவனின் கையில் இல்லை, வானத்திலிருந்து விழுகிறது. அமெரிக்க வாசகன் தன் நாற்காலியிலிருந்து கற்பனை செய்து மகிழ்ந்த நிலையை ஈழத்து வாசகர் நடந்து கடந்திருக்கிறார். தமிழில் ஊழிக்குப் பிந்தைய சாகசத் தொடர் தோன்றாமைக்குச் சந்தை, பதிப்பு, தணிக்கை என்று பல காரணங்கள் கூறப்படலாம். 2009க்குப் பின் அத்தகைய தொடரை எழுத முனைவோர் இந்நாவலைக் கடந்தே செல்ல வேண்டும் என்பதும் அவற்றோடு சேர்க்கத்தக்கது.

கிடைக்கும் படிகள்

ஜீனோ கதைகள் இன்று நூலாக எளிதில் கிடைக்கின்றன. அவை முதலில் படிக்கப்பட்ட வடிவமோ வேறு. வார இதழின் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, தையல் போட்டு, அட்டை ஒட்டி வைத்த கட்டுகளாகவே அவை பல வீடுகளில் வாழ்ந்தன. பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர், சீராமபுரம் முதலிய பகுதிகளின் தமிழ்க் குடும்பங்களுக்கும், தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் குடும்பங்களுக்கும் இவ்வழக்கம் பொதுவானது. கட்டின் பக்கங்களில் கதையோடு ஓவியமும் இருக்கும். பக்கத்தின் மறுபுறத்தில் அவ்வார நகைச்சுவைத் துணுக்கோ தைல விளம்பரமோ பாதியாக வெட்டுண்டு நிற்கும். ஒரு வாரம் இதழ் வாங்கத் தவறினாலோ, பக்கத்து வீட்டார் இரவல் பெற்றுத் திருப்பித் தராவிட்டாலோ அந்த அத்தியாயம் கட்டில் இராது.

டெத்லேண்ட்ஸ் தொடரில் ஓர் எண் குறைந்தால் இழப்பு சிறிது. அடுத்த எண்ணில் கதவு மீண்டும் திறக்கும். வாரத் தொடரில் ஓர் அத்தியாயம் குறைந்தால், நிலா ஏன் அவ்விடத்தில் நிற்கிறாள் என்பது விளங்காது. இவ்விடத்தில் பழங்கட்டுகளின் உடைமையாளர் செய்துள்ள வேலை ஆய்வுக்குரியது. விடுபட்ட வாரத்தின் கதையை அண்டை வீட்டாரிடம் கேட்டறிந்து ஒரு தாளில் சுருக்கி எழுதிச் செருகிவைப்பது தொடர்கதைக் கட்டுகளில் காணக்கூடிய வழக்கம். சுவடியியலில் இதனை ஏடு படியெடுப்போரின் இடைச்செருகல் என்பர். வெகுசன இதழின் கட்டில் இதற்கு இன்னும் பெயர் இடப்படவில்லை.

இதழ் வடிவத்திற்கும் நூல் வடிவத்திற்கும் இடையே என்னென்ன வேறுபாடுகள் உள்ளன என்பது தனியே ஆராயப்பட வேண்டியது. ஒவ்வொரு வாரமும் கதை நின்ற இடம் எது, முன்கதைச் சுருக்கம் எவ்வாறு எழுதப்பட்டது, அச்சுருக்கத்தில் ஜீனோ எப்போது நாயாகவும் எப்போது இயந்திரமாகவும் அழைக்கப்பட்டது ஆகியவை நூற்பதிப்பைக் கொண்டு அறியத்தக்கன அல்ல. பல்கலைக்கழக நூலகங்கள் வார இதழ்களை நெடுங்காலம் செய்தித்தாள்களோடு சேர்த்துக் கழித்துவிட்டன. மாத நாவல்களை அவை வாங்கவே இல்லை. அவற்றின் படிகள் இன்று இருக்குமிடம் பழைய புத்தகக் கடை. அங்கும் அவை ஆங்கிலத் தொடர் நாவல்களுக்குக் கீழே, எடைக்கு வாங்கப்பட்ட தாள்களோடு கட்டிவைக்கப்பட்டிருக்கின்றன.